பட்டா, பத்தா? காதின் பின்கட்டில் ஒரு ரவுண்டு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடை வாசலில் நின்றாலும் சரி, அந்தச் சொல் உங்களைத் தேடி வந்துவிடும். "வாங்கம்மா, பட்டு பாருங்க! பார்க்கறதுக்குக் காசா, பணமா?" பட்டு. சொல்லி முடிக்க அரை நொடிகூட ஆகாது. அந்த அரை நொடிக்குள் உங்கள் காதும் மூளையும் சேர்ந்து அடிக்கிற கூத்து இருக்கிறதே, அடடா! முன்கட்டில் உட்கார்ந்து சேலை விரிப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இன்றைக்கு நாம் பின்கட்டுக்குப் போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க.

நடுவில் ஒன்றுமே இல்லை!

முதலில் ஒருமுறை "பட்டு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெதுவாக. உதடுகள் மூடித் திறக்கின்றன. ஓர் 'அ' பிறக்கிறது. நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தில் ஒட்டுகிறது. ஒட்டிய பிறகு? காற்று அடைபட்டு நிற்கிறது. குரல் நின்றுவிட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை! நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக வெறும் நிசப்தம். அப்புறம்தான் நாக்கு விடுபட்டு, குட்டியாக ஓர் உகரம் வந்து விழுகிறது. அதுவும் முழு உகரம் இல்லை. நம் இலக்கணத்தார் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து அரை மாத்திரை மட்டும் அளந்து கொடுத்த உகரம்.

ஆக, இத்தனை விலை கொடுத்து வாங்கும் பட்டின் நட்டநடுவில் இருப்பது சத்தமே இல்லாத ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைச் சுருக்கி, குரலையும் நிறுத்தாமல் ஓடவிட்டால் பட்டு போய் 'படு' ஆகிவிடும். சேலை கேட்டு வந்தவரைப் படுக்கச் சொன்ன கதையாகிவிடும்!

இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட ஓர் அமெரிக்கர் இருந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லீ லிஸ்கர். தென்னிந்திய மொழிகளில் ஊறியவர். பேச்சுத் தெலுங்குக்குப் பாடப்புத்தகமே எழுதியவர். தமிழ் வல்லினங்கள் ஒன்றோடொன்று வேறுபடுவது நீளத்தாலா, குரல் அதிர்வாலா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 1964-இல் ஆர்தர் ஏப்ராம்சனோடு சேர்ந்து 11 மொழிகளின் வல்லொலிகளை அளந்தார். உலகம் முழுக்க ஒலியியல் வகுப்புகளில் இன்றைக்கும் படிக்கப்படும் ஆய்வு அது. அந்த 11 மொழிகளில் நம் தமிழும் ஒன்று! (இந்த இடத்தில் எழுந்து நின்று ஒரு விசில் அடித்துக்கொள்ளலாம்.)

அவர்கள் அளந்தது என்ன? உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலான நேரம். மில்லி நொடிக் கணக்கு. 'பஸ்' என்று சொல்லும்போது உதடு திறப்பதற்கு முன்பே நம் குரல் தொடங்கிவிடுகிறது. 'பட்டு' என்று சொல்லும்போது உதடு திறந்த கையோடு தொடங்குகிறது. இங்கிலீஷ்காரர் 'பேப்பர்' என்று சொல்லும்போதோ, உதடு திறந்து, புஸ்ஸென்று காற்று போய், அதற்கப்புறம்தான் குரல் வருகிறது. அதனால் என்ன ஆகிறது தெரியுமா? நம் 'பட்டு' அவர் காதில் 'பஸ்'ஸின் பகரத்தோடு விழுகிறது! புஸ் இல்லாத பகரம் எல்லாம் அவருக்கு அந்தக் கணக்குதான். கடைக்காரர் எத்தனை தெளிவாகச் சொன்னாலும் முதல் எழுத்திலேயே கோட்டை விட்டாயிற்று.

இன்னும் ஒரு வேடிக்கை. கணினியில் இந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் ஒலி படிப்படியாக மற்றொன்றாக மாறுவது நமக்குக் கேட்க வேண்டுமல்லவா? கேட்காது. ஒரு புள்ளி வரைக்கும் ஒரே ஒலி. அந்தப் புள்ளியைத் தாண்டியதும் டபக்கென்று வேறு ஒலி. நடுவே 'பாதி இது, பாதி அது' என்ற பேச்சே இல்லை. சூப்பானைச் சப்பும் வேகத்தை வைத்து 1 மாதக் கைக்குழந்தைகளையும் 4 மாதக் குழந்தைகளையும் 1971-இல் பீட்டர் ஐமஸ் குழுவினர் சோதித்தார்கள். அதுகளுக்கும் அப்படித்தான்! மனிதருக்கே உரிய மகிமை என்று மார்தட்டியிருந்த நேரத்தில், 1975-இல் பாட்ரிஷியா குல், ஜேம்ஸ் மில்லர் இருவரும் சின்சில்லா என்ற கொறிக்கும் பிராணியைப் பழக்கிப் பார்த்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் கோடு போட்டது. தமிழ் தெரியாத, இங்கிலீஷும் தெரியாத, கம்பளி ரோமம் வைத்த எலிக்குட்டி!

எழுத்து எங்கே? காணோமே!

வாங்க, இன்னும் உள்ளே. காதுக்குள் சுமார் இரண்டரைச் சுற்று சுற்றிக்கொண்டு ஒரு குழல் இருக்கிறது. காக்ளியா. நீட்டி வைத்தால் 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஒலியை மூளைக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கும் மயிர் உயிரணுக்கள் ஏறக்குறைய 3,500. வாசலருகே கீச்சென்ற ஒலிகளுக்கு இடம். உள்கோடியில் கனத்த ஒலிகளுக்கு இடம். எந்த இடம் ஆடுகிறதோ அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. கவனியுங்கள், போவது ஆட்டத்தின் செய்தி மட்டுமே. 'இது ப, இது ட்' என்று எழுதிய சீட்டு எதுவும் போவதில்லை.

இந்த உண்மை பிடிபட ஒரு தோல்வி தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஒரு வாசிப்புக் கருவி செய்ய முயன்றார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனிச் சத்தம். வரிசையாக ஒலிக்கவிட்டால் காது படித்துக்கொள்ளும் என்பது திட்டம். நடக்கவில்லை! எத்தனை பயிற்சி கொடுத்தாலும் தந்தி அடிக்கிற வேகத்தைத் தாண்ட முடியவில்லை. சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகளை அநாயாசமாகப் பிடிக்கிற அதே காது, தனித்தனிச் சத்தங்களை வரிசையாகக் கொடுத்தால் திணறியது.

ஏன் என்று பார்க்க அங்கே ஃபிராங்க்ளின் கூப்பர் ஒரு விசித்திர இயந்திரம் கட்டினார். ஒளி ஊடுருவும் படச்சுருளில் தூரிகையால் கோடு வரைந்து உள்ளே விட்டால், அந்தக் கோடு பேசும்! ஆமாம், ஓவியம் வரைந்து சொல் கேட்கலாம். ஆல்வின் லிபர்மனும் கூட்டாளிகளும் அதை வைத்து விளையாடிப் பார்த்ததில் ஒரு குட்டு உடைந்தது. ஆங்கில 'டி'யிலும் 'டூ'விலும் முதலில் நமக்குக் கேட்பது ஒரே மெய். படத்திலோ ஒன்றில் கோடு மேலே ஏறுகிறது, மற்றதில் கீழே சரிகிறது. அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கேட்டால் மெய்யெழுத்தே இல்லை. பறவை கீச்சிடும் சத்தம்! ஓர் ஒலியை வாய் முடிப்பதற்குள் அடுத்த ஒலிக்கான ஏற்பாட்டை நாக்கும் உதடும் தொடங்கிவிடுகின்றன. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிறது. அதைப் பிரித்து 'இது மெய், இது உயிர்' என்று அடுக்குவது கேட்கிறவரின் வேலை.

பத்துச் சேலையா, பட்டுச் சேலையா?

இப்போது காஞ்சிபுரத்துக்கே உரிய புதிர். 'பட்டு', 'பத்து'. இரண்டிலும் நடுவில் நிசப்தம்தான் என்றால், அது டகர நிசப்தம், இது தகர நிசப்தம் என்று எப்படித் தெரிகிறது?

ரகசியம் முன்னாடி இருக்கிற 'அ'வுக்குள் ஒளிந்திருக்கிறது! நாக்கு நுனி வளையத் தொடங்கும்போதே வாய்க்குள் இடத்தின் வடிவம் மாறுகிறது. உயிரொலியில் ஆற்றல் குவிகிற அதிர்வெண் பட்டைகளுக்கு அதிர்வுத் திரள்கள் என்று பெயர்; அவற்றில் மூன்றாவது கீழே இறங்குகிறது. டகரம் வருவதற்கு முன்பே டகரத்தின் வாடை வந்துவிட்டது. ட, ண, ழ, ள ஆகிய நாக்கு வளையும் ஒலிகளைத் தமிழ் சொல்லுக்கு முதலில் வைப்பதில்லை என்பது பள்ளிக்கூடத்தில் படித்த மொழிமுதல் எழுத்துக் கதை. தமிழ் மட்டும் இல்லை, நாக்கு வளையும் ஒலிகள் உள்ள வேறு பல மொழிகளும் சொல் தொடக்கத்தில் இவற்றை ஒதுக்கப் பார்க்கின்றன. அதற்கு இன்றைய ஒலியியலார் சிலர் சொல்லும் காரணம் இதுதான்: முன்னால் ஓர் உயிர் இல்லாவிட்டால் காதுக்குத் துப்பு குறைந்துவிடும். தொல்காப்பியர் பிறப்பியலில் எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவைத்தார். காதின் பக்கத்துக் கணக்கு அதோடு கைகோத்து நிற்பதைப் பார்த்தால் சிலிர்க்கிறதா, இல்லையா?

இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு பட்டும் பத்தும் ஒன்று. முயற்சி செய்யவில்லை என்பதில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. ஆனால் அவரும் பிறக்கும்போது அப்படி இல்லையாம்! 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு இது. இந்தியின் 'ட', 'த' ஒலிகளை இங்கிலீஷ் பேசும் கனடா வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஆடும், அதுதான் கூலி. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் டக்டக்கென்று திரும்பின. 10 முதல் 12 மாதம் ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வித்தை போய்விட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் அப்படியே இருந்தது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் காது தன் ஊரை முடிவு செய்துவிடுகிறது!

நாமும் ரொம்பத் துள்ள வேண்டாம். இந்தியில் நான்கு ககரம் உண்டு. மூச்சு சேர்ந்த ககரத்தையும் சேராததையும் பிரிக்கச் சொன்னால் நம்மில் பலர் முழிப்போம். அவ்வளவு ஏன், 'வாழைப்பழம்' கேட்கிறவர்களில் பாதிப் பேர் வாயில் அது 'வாளப்பளம்' ஆகிவிடுகிறது. வாளை என்று ஒரு மீன் இருக்கிறது. ஆனாலும் இதுவரை எந்தப் பழக்கடைக்காரரும் மீனை எடுத்து நீட்டியதில்லை. ஒலி கோட்டைவிட்ட இடத்தைச் சூழ்நிலை பிடித்துக்கொள்கிறது.

உதடு கடிபட்ட இளைஞன்

அடுத்து பிள்ளையார்பாளையம் பக்கம் போவோம். நெசவாளர் தெருக்கள். கோர்வைத் தறி ஒன்றின் முன்னே குழியில் கால் இறக்கி இருவர் உட்கார்ந்திருப்பார்கள். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளும் துணையாள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி நெய்வதுதான் கோர்வை. நல்ல கோர்வையில் இரண்டும் பிறவியிலேயே ஒன்றாக இருந்த மாதிரி இருக்கும், பிரிக்க முடியாது. பேச்சில் காதும் கண்ணும் சேர்வது இதே கோர்வைதான்.

நம்பவில்லையா? 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதியதைக் கேளுங்கள். ஒலிப்பதிவில் 'பா பா' (பஸ்ஸின் ப). திரையில் தெரியும் வாயோ 'கா கா' (தங்கத்தின் க) சொல்கிறது. பார்க்கிறவருக்குக் கேட்பது இரண்டும் இல்லை. 'டா டா' என்று கேட்கிறது! கண்ணை மூடினால் பா, திறந்தால் டா. தந்திரம் தெரிந்த பிறகும் போகாது. பார்த்தது எது, கேட்டது எது என்று நூலைப் பிரிக்க முடியாது.

காதை விட்டுவிட்டுக் கண்ணாலேயே கேட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் இயந்திரத் தறிகளின் இரைச்சலில் குரலே எடுபடாது. அங்கே வேலை பார்த்த பெண்கள் உதட்டைப் பெரிது பெரிதாக அசைத்து, கைச்சாடையும் சேர்த்து, ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்வம்பு முழுக்கப் பேசித் தீர்த்தார்கள். அதற்கு 'மீ-மாவிங்' என்று பெயரே இருந்தது.

இப்போது உதட்டையே எடுத்துவிட்டால்? அதைச் செய்தவர் நம்மூர்க்காரர்! பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் வடமொழிப் பெரும்புலவர் தண்டி. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர் என்பது அறிஞர்கள் கணக்கு. அவருடைய 'தசகுமார சரித'த்தில் மந்திரகுப்தன் என்ற இளைஞன் தன் கதையைச் சொல்ல வருகிறான். பாவம், காதலி கடித்ததில் உதடு புண்ணாகிக் கிடக்கிறது. உதட்டோடு உதடு சேர்த்தால் வலிக்கும். அதனால் அந்த அத்தியாயம் முழுக்க, பகரம், மகரம் என உதடு சேரும் மெய் ஒன்றுகூட வராமல் கதை சொல்லி முடிக்கிறான். ஒரு பத்தி இல்லை, ஒரு பக்கம் இல்லை. முழு அத்தியாயம்!

தமிழிலும் இந்த விளையாட்டு உண்டு. நிரோட்டகம் என்று பெயர். நமக்கு இன்னும் கெடுபிடி ஜாஸ்தி: ப, ம, வ மட்டும் இல்லை, உதடு குவிகிற உ, ஊ, ஒ, ஓ, ஔ-வும் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன்மீது நிரோட்டக யமக அந்தாதி பாடிய சிவப்பிரகாசர் யார் தெரியுமா? காஞ்சிபுரத்துக் குமாரசாமி தேசிகரின் மகன்! ஒரு புலவரோடு போட்டி போட்டு, தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்று பந்தயம் கட்டிப் பாடியதாகக் கதை சொல்வார்கள்.

நாமும் கண்ணாடி முன் நின்று பார்ப்போமா? "காஞ்சிக் கடையிலே நல்ல ஜரிகைச் சேலை கிடைக்கிறதே!" சொல்லுங்கள். உதடு சேர்ந்ததா? குவிந்ததா? இல்லவே இல்லை! 'காஞ்சி இட்லி' என்று சொன்னாலும் சேராது. 'பட்டு' என்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். மந்திரகுப்தன் நல்லவேளை, சேலை வியாபாரத்துக்கு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஓட்டப்பந்தயம்

ஒலிகள் பிடிபட்டாயிற்று. சொல்? வாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு. கண்டக்டர் வாயைத் திறந்து "செ..." என்கிறார். அந்தக் கணத்தில் உங்கள் மூளைக்குள் செய்யாறு, செங்கல்பட்டு, சென்னை எல்லாம் எழுந்து நிற்கின்றன. "செங்..." என்றதும் செய்யாறும் சென்னையும் உட்கார்ந்துவிட்டன. "செங்கல்..." என்பதற்குள் நீங்கள் படியில் கால் வைத்தாயிற்று. 'பட்டு' வருவதற்கு யாரும் காத்திருப்பதில்லை!

இப்படி ஒரே தொடக்கம் உள்ள சொற்களெல்லாம் ஒரு கும்பலாக எழுந்து, ஒலி வர வர ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் ஒன்று மிஞ்சுகிறது என்ற கொள்கையை 1970-களின் இறுதியில் முன்வைத்தவர் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன். தொடர்ச்சியான பேச்சில், சொல் தொடங்கி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்திலேயே அது எந்தச் சொல் என்பது பிடிபட்டுவிடுகிறது என்றார். 1995-இல் மைக்கேல் டனன்ஹாஸ் குழுவினர் கண்ணின் அசைவைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எதிரே பொருள்களைப் பரப்பிவைத்து ஒன்றை எடுக்கச் சொன்னால், சொல் முடிந்ததும் முடியாததுமாகக் கண் அதன்மேல் பாய்ந்துவிடுகிறது. பட்டுக்கடை விற்பனையாளரைக் கவனித்திருக்கிறீர்களா? "மாம்பழக் கலர்ல..." என்று நீங்கள் இழுக்கும்போதே அவர் கை அலமாரிக்குப் போய்விடும். ஆய்வகம் இல்லாமலே அவர் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்!

ஹாரன் அடித்து ஒரு துண்டு காணாமல் போனால்? கவலையே இல்லை. 1970-இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தில் ஒரே ஓர் ஒலியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். 20 பேர் கேட்டார்கள். 19 பேர் "எல்லா ஒலியும் இருக்கிறதே" என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரோ காணாமல் போனது வேறோர் ஒலி என்றார்! இல்லாத ஒலியை மூளையே செய்து, கேட்டதாகக் கணக்கு எழுதிவிட்டது. நம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரிகிறதென்றால் அதற்கு இந்தக் கள்ளக்கணக்கே காரணம்.

இன்னொன்று: பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. 'அம்மாவந்துட்டாங்கபாரு' என்று ஒரே மூச்சில்தான் வருகிறது. எழுத்தில் விடும் இடமெல்லாம் காகிதத்தில் மட்டும். ஒன்றும் தெரியாத குழந்தை எங்கே வெட்டும்? 1996-இல் ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிகளும் பொருளே இல்லாத அசைகளை இடைவெளி விடாமல் 2 நிமிடம் 8 மாதக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்ற கணக்கை மட்டும் வைத்து, குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்துவிட்டன. இரண்டே நிமிடம்! தொட்டிலில் கிடப்பது கணக்குப் பிள்ளை ஐயா, கணக்குப் பிள்ளை!

கூட்டத்தில் உங்கள் பெயர்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைப் பார்க்க வரதராஜப் பெருமாள் கோயிலில் 48 நாள் அலைமோதிய கூட்டத்தை ஊரே இன்னும் பேசுகிறது. அந்த மாதிரி நெரிசலில் பத்துக் குரல் ஒன்றாகக் காதில் மோதும்போது பக்கத்தில் இருக்கும் அத்தையின் பேச்சை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம்? 1953-இல் காலின் செர்ரி இதைத்தான் கேட்டார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறு பேச்சு. ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னால், மறு காதில் மொழியே இங்கிலீஷிலிருந்து ஜெர்மனுக்கு மாறியதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. அப்படியானால் அந்தக் காது தூங்கியதா? 1959-இல் நெவில் மோரே அந்தக் கவனிக்காத காதில் கேட்பவரின் பெயரைச் சேர்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திடுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். வாசலில் காவலுக்கு நிற்பவர் எல்லாரையும் விட்டுவிடுகிறார். உங்கள் பெயரை மட்டும் நிறுத்தி விசாரிக்கிறார்!

நாலே நாலு பட்டை போதும்

இத்தனையும் கேட்டு ஒன்று புரிந்திருக்கும். வெளியிலிருந்து வருவது சரக்கில் பாதி; மீதியைப் போடுவது கேட்கிறவர். இது வெறும் வேடிக்கை இல்லை. இதை நம்பித்தான் ஒரு பெரிய மருத்துவமே நிற்கிறது.

1995-இல் ராபர்ட் ஷானனும் கூட்டாளிகளும் பேச்சைப் பிழிந்து, அதன் நுணுக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நான்கே நான்கு இரைச்சல் பட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு பட்டையும் கூடிக் குறையும் ஏற்றத்தாழ்வை மட்டும் விட்டுவைத்தார்கள். கொஞ்சம் பழகியதும் கேட்டவர்களுக்கு அமைதியான அறையில் பேச்சு நன்றாகவே புரிந்தது! காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவி வேலை செய்வது இந்தத் தைரியத்தில்தான். 3,500 மயிர் உயிரணுக்கள் பார்க்க வேண்டிய வேலையை இருபது சொச்சம் மின்முனைகள் பார்க்கின்றன. மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது.

ஆனால் மூளைக்கு நேரம் முக்கியம். முதல் பிறந்தநாளுக்குள் காது தன் ஊரை முடிவு செய்துவிடுகிறது என்று பார்த்தோமே, அந்தக் கடிகாரம் காது கேளாத குழந்தைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் செவித்திறன் சோதனை செய்யச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. கருவி வைத்த பிறகும் கேட்கப் பழக்கும் பயிற்சி மாதக்கணக்கில் வேண்டும். கருவி தருவது ஏற்றத்தாழ்வுகளை மட்டும். அதிலிருந்து 'அம்மா'வைச் செய்துகொள்ள வேண்டியது அந்தக் குட்டி மூளை. கைதட்டினால் திரும்பாத குழந்தையை "பேச்சு மெதுவா வரும், எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.

நீங்களே செய்து பார்க்க, மூன்று விளையாட்டு

ஒன்று: எதிரே ஒருவரை உட்காரவைத்து, சத்தமே இல்லாமல் வாயசைத்து 'பாலை', 'மாலை' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எது எது என்று அவரால் சொல்லவே முடியாது. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதட்டில் வித்தியாசம் கிடையாது. மூக்கின் வழியே காற்று போகிறதா என்பதுதான் முக்கிய வித்தியாசம். மூக்கை யார் பார்க்க முடியும்?

இரண்டு: பழைய தொலைபேசியில் உங்கள் இனிஷியலைச் சொல்லிப் பாருங்கள். 'எஸ்', 'எஃப்' இரண்டும் குழம்பும். அந்த இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இவற்றைப் பிரித்துக் காட்டும் சீறல் அதற்கும் மேலே கிடக்கிறது. 'சுரேஷோட எஸ்' என்று நாம் சொல்லப் பழகியது அதனால்தான்.

மூன்று: காந்தி ரோட்டில் சேலை பார்த்து முடித்ததும், "தள்ளுபடி" என்று மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள். மார்ஸ்லன்-வில்சன் சொன்னது அங்கே கண்முன்னால் நடக்கும். நீங்கள் 'தள்' என்பதற்குள் கடைக்காரருக்குச் சொல் பிடிபட்டுவிடும். "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா, கொஞ்சம் தோள்ல போட்டுப் பாருங்க!" என்று அடுத்த சேலையை உதறி விரித்துவிடுவார். 'ளுபடி'யைச் சொல்லி முடிக்க உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது.